டைல்ஸ் கடைக்குப் போவதற்கு முன் பழைய தரையைத் தட்டிப் பாருங்கள்

வீட்டுத் தரையை மாற்ற நினைப்பவர்கள் பெரும்பாலும் டைல்ஸைத் தேர்ந்தெடுத்து முன்பணமும் கொடுத்துவிட்ட பிறகுதான் என்னைப் போன்ற கட்டடப் பொறியாளரை அழைக்கிறார்கள். கைப்பேசியில் படத்தைக் காட்டி, "நான்கடிக்கு இரண்டடி சார், இத்தாலி மார்பிள் மாதிரியே இருக்கும். எத்தனை நாளில் முடியும்?" என்று கேட்பார்கள். நான் பதில் சொல்வதற்கு முன் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்துக் குனிந்து, இருக்கிற தரையை மூலைக்கு மூலை தட்டிப் பார்ப்பேன். சிலருக்கு எரிச்சல் வருவது முகத்திலேயே தெரியும். வரப்போகும் செலவும் தொல்லையும் அந்தச் சத்தத்தில்தான் ஒளிந்திருக்கின்றன என்பதை எத்தனை பேரிடம் சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை.

தரையை மாற்றினால் வீடே மாறிவிடும் என்பதில் எனக்கு மறுபேச்சு இல்லை. நங்கநல்லூர், குரோம்பேட்டை பக்கம் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கட்டிய வீடுகளில் கூடத்துக்கு ஒரே ஒரு சன்னல், கரும்பச்சை மொசைக், பகல் பதினொரு மணிக்கும் விளக்கு. அங்கே வெளிர் நிறத் தரை வந்ததும் சன்னல் வழியே விழும் வெளிச்சம் மேல்தளம் வரை எழும்பும். கூடத்தில் தொடங்கிய அதே டைல்ஸ் வாசற்படிகளில் வெட்டுப்படாமல் அறைக்குள்ளும் ஓடினால், ஓர் அங்குலம்கூடக் கூட்டாமல் வீடு பெரிதாகத் தோன்றும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு மாற்றத்தையே நான் பெரிதாக நினைக்கிறேன். பழைய வீடுகளில் அறைக்கு அறை அரை அங்குலம், முக்கால் அங்குலம் உயர வேறுபாடு இருக்கும். வயதானவர்களின் கால் தடுக்குவது உயரமான படியில் அல்ல, இந்த அரை அங்குலத்தில்தான். மட்டம் சரியாகிவிட்ட வீட்டில் பாட்டி சுவரைப் பிடிக்காமல் நடப்பதைப் பார்க்கலாம். டைல்ஸின் நிறத்தைப் பற்றி ஒரு மாதம் பேசுகிற குடும்பங்கள் மட்டத்தைப் பற்றி ஒரு நிமிடமும் பேசுவதில்லை.

முதல் கேள்வி, மாற்றத்தான் வேண்டுமா என்பது. மொசைக் தரை மங்கிவிட்டது என்பதற்காக அதை உடைப்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சங்கடமாக இருக்கும். சிமென்டில் சலவைக்கல் சில்லுகள் பதித்து இழைத்த தரை அது. மேலே ஏறியிருப்பது பல ஆண்டு அழுக்கும் ஃபினாயில் படலமும் மட்டுமே. மெஷின் வைத்து, கரடான கல்லில் தொடங்கி வழவழப்பான கல் வரை படிப்படியாக இழைத்தால் கட்டிய நாளின் பளபளப்பு திரும்பும். செலவு, புதுத் தரை போடுவதில் ஒரு சிறு பங்குதான். தட்டும்போது சத்தம் திடமாக இருந்து, பெரிய விரிசல்களும் இல்லையென்றால், மொசைக்கை இழைத்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். இதனால் எனக்குக் கிடைக்க வேண்டிய வேலை குறைகிறது என்பது உண்மைதான்.

சிவப்பு ஆக்சைடு தரைக்கும் ஆத்தங்குடிக் கற்களுக்கும் இன்னும் கொஞ்சம் பொறுமை வேண்டும். காரைக்குடிக்கு அருகே ஆத்தங்குடியில் இந்தக் கற்களை இன்றும் கையால்தான் செய்கிறார்கள். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து வண்ணக் கலவையை ஊற்றி, அதன்மேல் சிமென்டும் மணலும் இட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பார்கள். சூளையில் சுடுவதே இல்லை. கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லின் முகத்தில் இறங்கிவிடும். பிறகு நடக்க நடக்கத்தான் மெருகு ஏறும். அமிலம் கலந்த கழிப்பறைத் திரவத்தை ஊற்றித் துடைத்தால் அந்த மெருகு ஒரே நாளில் போய்விடும். "எங்கள் ஆத்தங்குடித் தரை வெளுத்துவிட்டது" என்று புகார் சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, எதை ஊற்றித் துடைக்கிறீர்கள் என்பதைத்தான்.

சரி, மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் அடுத்தது, உடைத்துப் போடுவதா, பழையதன் மேலேயே ஒட்டுவதா? உடைப்பதென்றால் தூசி, சத்தம், கட்டட இடிபாட்டை ஏற்றிச்செல்லும் வண்டி, அண்டை வீட்டார் சண்டை எல்லாம் உண்டு. மேலே ஒட்டுவது சுலபம். ஆனால் எப்படி ஒட்டுகிறார்கள் என்பதைப் பாருங்கள். சில கொத்தனார்கள் பழைய தரைமேல் இரண்டு அங்குலத்துக்குக் கலவை கொட்டி அதன்மேல் டைல்ஸ் பதிப்பார்கள். பத்துக்குப் பத்து அறையில் இப்படிச் செய்தால், கலவையும் டைல்ஸுமாகச் சேர்ந்து ஒரு டன்னுக்கு மேல் கூடுதல் எடை உட்காரும். வீட்டு அறைகளின் தளத்தைச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ பயன்பாட்டுச் சுமைக்கு வடிவமைக்க வேண்டும் என்கிறது ஐஎஸ் 875 என்ற இந்தியத் தரநிலை. கட்டில், பீரோ, மனிதர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒதுக்கிய அந்தக் கணக்கில் பாதிக்கு மேல் இந்தக் கலவையே தின்றுவிடும். கீழ்த்தளத்தில் மண்மேல் நிற்கிற தரைக்கு இது பொருட்டில்லை. முதல் மாடியில், கம்பி துருப்பிடித்துக் காரை உதிர்கிற பழைய தளத்தின் மேல் இதைச் செய்வதை நான் எந்த நிலையிலும் ஒப்புக்கொள்வதில்லை. டைல் பசையால் ஒட்டினால் அதே அறைக்குக் கூடும் எடை முந்நூறு கிலோவுக்குள் அடங்கும், உயரமும் அரை அங்குலத்துக்குச் சற்று அதிகமாக மட்டுமே ஏறும். அதற்கும் பழைய தரை திடமாக ஒட்டியிருக்க வேண்டும். எங்கெல்லாம் 'டொப் டொப்' என்று வெற்றிடச் சத்தம் கேட்கிறதோ, அங்கே உடைத்துச் சரிசெய்யாமல் மேலே எதையும் ஒட்டக் கூடாது.

உயரம் கூடினால் கதவை அடியில் இழைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். மாடிப்படியை மறந்துவிடுவார்கள். கீழ்க் கூடத்தை இரண்டு அங்குலம் ஏற்றினால் ஆறு அங்குல முதல் படி நான்காகிவிடும். மேல்தளத்தை ஏற்றினால் கடைசிப் படி எட்டாகிவிடும். படிகளின் உயரத்தைக் கால் தானாகவே கணக்கு வைத்துக்கொள்கிறது. ஒரே ஒரு படி மாறினாலும் இருட்டில் இறங்குகிறவர் தடுமாறுவார்.

சென்னையில் வேறொரு காரணத்துக்காகவும் தரையை உயர்த்துகிறார்கள். பழைய தாரின் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டுச் சாலை உயர்ந்து, வாசலில் மூன்று படி ஏறிப் போன வீடுகள் இப்போது இரண்டு படி இறங்கிப் போகும் வீடுகளாகிவிட்டன. பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச் சாலை போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தியும், முன்பே உயர்ந்துவிட்ட தெருக்கள் தாழ்ந்துவிடவில்லை. மழைநீர் உள்ளே வருகிறது என்று ஓர் அடி, ஒன்றரை அடி மண் நிரப்பித் தரை போடுகிறார்கள். செய்யலாம். ஆனால் வாழும் அறைக்குக் குறைந்தது 2.75 மீட்டர், அதாவது ஒன்பது அடி உயரம் வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. பத்தடி வீட்டில் ஒன்றரை அடி போனால் மின்விசிறி தலைக்கு மேலே பயமுறுத்தும். சன்னல் திண்டு முழங்கால் மட்டத்துக்கு வந்துவிடும், குழந்தைகள் அதில் ஏறிவிடுவார்கள். நிரப்பும் மண்ணை அரையடிக்கு ஒருமுறை தண்ணீர் விட்டுத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்காவிட்டால், இரண்டு மழைக்குப் பிறகு அது உட்கார்ந்து தரையும் கூடவே இறங்கும்.

கீழ்த்தளத்தை உடைக்கிறீர்கள் என்றால் அது பல ஆண்டுகளுக்கு ஒருமுறை கிடைக்கும் வாய்ப்பு. கரையான் மருந்து அடிக்கலாம், எலி வளைகளை அடைக்கலாம், துருப்பிடித்த குழாய்களை மாற்றலாம். ஈரத்தையும் அப்போதே கவனித்துவிட வேண்டும். மிகுந்த வெப்பத்தில் சுட்டுக் கண்ணாடிபோல் இறுக்கிய விட்ரிஃபைடு டைல்ஸ் தன் எடையில் அரை சதவீதத்துக்கு மேல் தண்ணீரை உறிஞ்சாது. தண்ணீர் கொட்டினால் கறை படியாது என்று விற்பவர்கள் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். கீழேயிருந்து ஏறும் மண்ணீரமும் அதைத் தாண்ட முடியாது என்பதை யாரும் சொல்வதில்லை. முன்பு சிவப்புத் தரை வழியே மெல்ல ஆவியாகிக்கொண்டிருந்த ஈரம், இப்போது வழியில்லாமல் சுவரில் ஏறுகிறது. ஒரு வருடம் கழித்து, தரைக்கு மேல் ஓர் அடி உயரத்துக்குச் சுவர் உப்புப் பூத்து வண்ணம் பொரிந்து உதிரும். வீட்டுக்காரர் பெயின்டரைத் திட்டுவார். நிலத்தடி ஈரம் அதிகமான இடங்களில், மண்ணை இறுக்கிய பின் 250 மைக்ரான் கனமுள்ள பாலிதீன் விரிப்பை விரித்து, அதன்மேல் கான்கிரீட் போட்டுப் பிறகு டைல்ஸுக்கு வருவது நல்லது. சுவரின் அடியில் ஈரத்தடுப்பு அடுக்கே இல்லாத மிகப் பழைய வீடுகளுக்கு இது மட்டும் போதாது. சுவருக்கும் தனியாகச் சிகிச்சை வேண்டும்.

திடீரென்று ஒரு நாள் காலையில் கூடத்தின் நடுவே டைல்ஸ் படாரென்று வெடித்துக் கூரை மாதிரி எழும்பி நிற்கும். பூகம்பம் என்று நினைத்து வெளியே ஓடியவர்கள் உண்டு. காரணம் பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, தண்ணீரில் கரைத்த சிமென்டான சிமென்ட் பாலை நம்பியே ஒட்டுவது. பழைய செராமிக் டைல்ஸ் தண்ணீரை உறிஞ்சும், கூடவே சிமென்ட் பாலையும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். உறிஞ்சாத விட்ரிஃபைடு டைலுக்கு அந்தப் பிடிப்பு கிடைக்காது. அதற்கென்றே பாலிமர் கலந்த பசை இருக்கிறது. மூட்டையில் டைல் பசைக்கான தர எண் ஐஎஸ் 15477 இருக்கிறதா, உங்கள் டைலுக்கு ஏற்ற வகைதானா என்று பாருங்கள். பசையை நான்கு மூலைக்கு நான்கு உருண்டை வைத்து அழுத்துகிறவரை அப்போதே நிறுத்துங்கள். பல் வைத்த கரணையால் முழுப் பரப்பிலும் இழுத்துப் பூச வேண்டும். இரண்டாவது காரணம் நம் ஆசை. "ஜாயின்டே தெரியக் கூடாது" என்று ஒட்டி ஒட்டிப் பதிக்கச் சொல்கிறோம். வெயிலிலும் குளிரிலும் தரை விரிந்து சுருங்கும். கான்கிரீட்டும் ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாகச் சுருங்கும். இடைவெளி இல்லாவிட்டால் அந்த நெருக்கம் முழுவதும் பிடிப்பு குறைந்த ஓர் இடத்தில் வெடித்து வெளியேறும். டைல்களுக்கிடையே குறைந்தது இரண்டு மில்லிமீட்டர் ஸ்பேசர், அதாவது இடைவெளி காக்கும் சிறு துண்டு, வையுங்கள். சுவரை ஒட்டிக் கால் அங்குலம் விடுங்கள், சுவரின் அடியில் ஒட்டும் ஸ்கர்ட்டிங் பட்டை அதை மறைத்துவிடும். இடைவெளியை அடைக்கும் க்ரவுட் பூச்சை டைல் நிறத்திலேயே பூசினால் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி உங்கள் கண்ணுக்கே தெரியாது.

இனி வழுக்கல். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுக்கு ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள். அவர்களில் முதியவர்களே அதிகம். இடுப்பு எலும்பு முறிந்த ஒரு பெரியவர் வீட்டில் இருந்தால், மீதி எதையும் நான் விளக்க வேண்டியதில்லை. கண்ணாடிபோல் மின்னும் டைல்ஸ் கூடத்துக்குச் சரி. குளியலறை, சமையலறை, பின்கட்டு, வாசல் இவற்றுக்குச் சொரசொரப்பான முகம் வேண்டும். பெட்டியில் ஆர்9 முதல் ஆர்13 வரை ஓர் அளவு குறித்திருப்பார்கள். எண் கூடக் கூட வழுக்கல் குறையும். ஆனால் அது காலணி அணிந்து நடந்து சோதித்த அளவு. நாம் வீட்டுக்குள் வெறுங்காலோடு நடப்பவர்கள். ஈரமான வெறுங்காலுக்கு ஏ, பி, சி என்று தனி வகைப்பாடு இருக்கிறது, அதில் சி-க்குத்தான் பிடிப்பு அதிகம். குளியலறைக்கு பி-க்குக் குறையாமல் கேளுங்கள். விற்பனையாளருக்குத் தெரியவில்லையென்றால் ஒரு டைலைத் தரையில் வைத்துத் தண்ணீர் தெளித்து, பிடிமானம் ஒன்றைப் பற்றிக்கொண்டு செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பாருங்கள். கடையில் நான்கு பேர் வேடிக்கை பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

குளியலறைத் தரையை உடைத்தால் நீர்த்தடுப்புப் பூச்சும் போய்விட்டது என்று கொள்ளுங்கள். அதைப் புதிதாகப் பூசி, வடிகாலை அடைத்து, ஒரு முழு நாள் தண்ணீர் தேக்கிக் கீழ் வீட்டுக் கூரையைப் பார்த்த பிறகே டைல்ஸ். தண்ணீர் வடிவதற்கான சரிவு, அதாவது வாட்டம், நான்கு அடிக்கு அரை அங்குலத்துக்குக் குறையக் கூடாது. பெரிய டைல்ஸ் போட்டால் நான்கு பக்கமிருந்தும் வாட்டம் கொடுப்பது கடினம். குளியலறைக்கு ஓரடிக்கு ஓரடியே போதும்.

வாங்கும்போது எல்லாப் பெட்டிகளிலும் ஒரே பேட்ச் எண், ஒரே ஷேட் எண் இருக்கிறதா என்று பாருங்கள். குஜராத்தின் மோர்பியிலிருந்து வரும் அடுத்த லோடில் அதே டிசைன் வரலாம். அதே நிறம் வருமென்று நம்ப முடியாது. தேவைக்கு மேல் பத்து சதவீதம் வாங்கி, மிச்சத்தில் ஒரு பெட்டியைப் பரணில் போட்டுவையுங்கள்.

கடைசியாக, வேலை செய்கிறவர்களைப் பற்றி. டைல்ஸையும் கிரானைட்டையும் உலர்வாக அறுக்கும்போது பறக்கும் வெள்ளைத் தூளில் சிலிக்கா இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் அதைச் சுவாசிப்பவர்களுக்கு வரும் சிலிக்கோசிஸுக்கு முழுமையான குணம் கிடையாது. பத்து நாளில் உங்கள் வீட்டு வேலை முடிந்துவிடும், அந்தத் தம்பி அடுத்த வீட்டிலும் இதையேதான் அறுப்பார். தண்ணீர் சொட்டும்படியான கட்டர் வேண்டும், முகக்கவசம் வேண்டும், அறுக்கும் வேலை வீட்டுக்கு வெளியே நடக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அறுக்கும் இடத்துக்கு ஒரு குழாய் இணைப்பையும், சேற்றுநீர் போக ஒரு வழியையும் வேலை தொடங்கும் முன்பே நீங்கள் ஏற்பாடு செய்து கொடுங்கள்.