மலையில் நடந்துவரும் விடுதியை வாங்குமுன்

பணி ஓய்வு பெற்றுக் கையில் சேமிப்போடு வருகிற பலர், உதகையிலோ குன்னூரிலோ கோத்தகிரியிலோ நடந்துவரும் தங்கும் விடுதியொன்றை வாங்கிவிட்டால் காலம் நிம்மதியாகக் கழியும் என்று நினைக்கிறார்கள். ஆடிட்டராக நான் அவர்களிடம் முதலில் வற்புறுத்துவது, விலை பேசுவதற்கு முன் மூன்று ஆண்டுக் கணக்கை மாதவாரியாகக் கேட்டு வாங்குங்கள் என்பதைத்தான். ஏப்ரல், மே வரவைக் காட்டியே விலை பேசும் விற்பனையாளர்கள் உண்டு. தென்மேற்குப் பருவமழை கொட்டும் ஜூலையில் அந்த விடுதி எப்படி நடந்தது என்பதுதான் வாங்குபவருக்குத் தெரிய வேண்டியது.

அறைப் பதிவேட்டை மட்டும் நம்பிவிடக் கூடாது. சலவைக்குப் போன படுக்கை விரிப்புகளின் கணக்கையும் மின்கட்டண ரசீதுகளையும் அதன் அருகில் வைத்துப் பாருங்கள். வெந்நீர் இல்லாமல் இந்தக் குளிரில் எவரும் தங்குவதில்லை என்பதால், அறைகள் நிரம்பியிருந்ததாகச் சொல்லப்படும் மாதங்களில் கீசர் மின்சாரம் ஏறாமலும் விரிப்புகள் சலவைக்குப் போகாமலும் இருந்தால், அந்த வரவு எங்கிருந்து வந்தது என்று கேட்டே ஆக வேண்டும். மேலும், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் சுற்றுலா வாகனங்களுக்கு இ-பாஸ் எனும் இணைய அனுமதிச் சீட்டு நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பும் விதிக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டுகளின் வரவை அப்படியே எதிர்காலத்துக்கு நீட்டிக் கணக்குப் போடுவது சரியாகாது.

கணக்கைவிட எனக்குக் கவலை தருவது கட்டடம். பட்டாவும் வில்லங்கச் சான்றும் சுத்தமாக இருப்பதால் எல்லாம் சரி என்று முடிவு செய்துவிடுகிறார்கள். குடியிருப்புக்கென்று அனுமதி பெற்ற வீடு காட்டேஜாக நடத்தப்படுவதை அந்த இரண்டு ஆவணங்களும் காட்டாது. ஒப்புதல் பெற்ற வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் அறையையும் நேரில் சரிபாருங்கள். வரைபடத்தில் இல்லாத மாடிக்கும் சேர்த்து விலை கொடுக்காதீர்கள். மசினகுடிப் பகுதி யானை வழித்தடத்தில் 2018-இல் உச்ச நீதிமன்ற உத்தரவால் பல விடுதிகளுக்குச் சீல் வைக்கப்பட்டன. வழித்தடம் குறித்த அரசின் அறிவிக்கையை 2020 அக்டோபரில் அதே நீதிமன்றம் உறுதி செய்தது. சீல் வைக்கப்படும் நாளில் நட்டம் யார் பெயரில் சொத்து இருக்கிறதோ அவருக்குத்தான்.

பழைய வரிப் பாக்கி விற்றவரோடு போய்விடும் என்பதும் தவறான எண்ணம். ஜிஎஸ்டி சட்டத்தின் 85-ஆம் பிரிவின்படி, தொழில் கைமாறும் நாள்வரை உள்ள வரி, வட்டி, அபராதம் ஆகியவற்றுக்கு விற்றவரும் வாங்கியவரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பாவார்கள். பாக்கி எவ்வளவு என்பது பிறகு தீர்மானிக்கப்பட்டாலும் இதே நிலைதான். குத்தகைக்கு எடுப்பவர்களையும் இந்தப் பிரிவு கட்டுப்படுத்தும் என்பதைப் பலர் அறிவதில்லை. ஊழியர்களின் பிஎஃப் பாக்கியும், பணிக்கொடைக்குரிய பழைய சேவைக் காலமும் எவர் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். உணவகம் சேர்ந்திருந்தால் உணவுப் பாதுகாப்பு உரிமத்தை உங்கள் பெயரில் புதிதாகப் பெற வேண்டும்.

குட்வில்லுக்கு, அதாவது தொழிலின் நற்பெயருக்கு, தனியாகப் பணம் கொடுப்பதாக இருந்தால், குறிப்பிட்ட எல்லைக்குள் விற்பவர் அதே தொழிலைத் தொடங்கக் கூடாது என்ற நிபந்தனையையும் சேருங்கள். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, அந்த எல்லை நியாயமானதாக இருக்கும்வரை இதை அனுமதிக்கிறது. விலையில் ஒரு பகுதியை, பழைய ஆண்டுகளின் வரிக் கணக்குகள் முடியும்வரை நிறுத்தி வைத்துக்கொள்ள ஒப்புக்கொள்ளாத விற்பனையாளரிடம், ஏன் என்று விளக்கம் கேட்ட பிறகே முன்பணம் கொடுங்கள்.