சத்தமில்லாமல் தொலையும் வசதிகள்: பில்டு சார்புகளைப் பராமரிப்பது

லினக்ஸ் இயங்குதளமான டெபியனில், மூலப் பேக்கேஜ் ஒவ்வொன்றின் விவரங்களைச் சொல்லும் கண்ட்ரோல் கோப்பிலும் 'பில்டு-டிபெண்ட்ஸ்' என்றொரு பட்டியல் உண்டு. மூலநிரலைப் பேக்கேஜாக்கும்போது (இந்த வேலைதான் பில்டு) தேவைப்படும் கருவிகளும் நூலகங்களும் அதில் வரும். ஜிசிசி கம்பைலர், 'மேக்' என்ற பில்டு கருவி முதலியவை 'பில்டு-எசென்ஷியல்' தொகுப்பிலேயே அடங்கிவிடுவதால் அவற்றை எழுத வேண்டியதில்லை.

பட்டியல் சரிதானா என்று சொந்தக் கணினியில் சோதிப்பது வீண். எப்போதோ எதற்கோ நிறுவியவை அங்கே கிடக்கும். பட்டியலில் இல்லாததையும் பில்டு எடுத்துக்கொள்ளும். 'எஸ்பில்டு', 'பிபில்டர்' போன்ற பில்டு கருவிகள் வெறும் அடிப்படை அமைப்பில் தொடங்கி, பட்டியலில் உள்ளவற்றையும் அவற்றின் சார்புகளையும் மட்டுமே நிறுவுகின்றன. விடுபட்டது ஏதேனும் இருந்தால் பில்டு அங்கே நின்றுவிடும்.

நின்றால் நல்லது. நிற்காமல் முடிவதுதான் ஆபத்து. பில்டை அமைத்துத்தரும் கருவிகளான மீசானிலும் ஆட்டோகான்ஃபிலும் பல வசதிகள் 'ஆட்டோ' நிலையில் இருக்கும்: நூலகம் கிடைத்தால் சேர்க்கும், கிடைக்காவிட்டால் விட்டுவிட்டு மேலே போகும். பில்டு வெற்றி என்றே பதிவாகும். வசதி மட்டும் காணாமல் போயிருக்கும். எனவே வேண்டியதை, பில்டு கட்டளைகள் உள்ள 'ரூல்ஸ்' கோப்பில் வெளிப்படையாக இயக்க வேண்டும், வேண்டாததை வெளிப்படையாக அணைக்க வேண்டும். அப்போது நூலகம் இல்லையென்றால், தேவையானவை உள்ளனவா என்று முதலில் பார்க்கும் கான்ஃபிகர் கட்டத்திலேயே பிழை வரும்.

தேவையற்றதாகத் தெரியும் ஒரு வரியை நீக்கும்போதும் இதே கண்ணி உண்டு. நீக்கி, சுத்தமான சூழலில் பில்டு செய்து, பழைய பேக்கேஜையும் புதியதையும் 'டெப்டிஃப்' என்ற கருவி கொண்டு ஒப்பிடுங்கள். இயங்கும்போது தேவைப்படுபவற்றைச் சொல்லும் 'டிபெண்ட்ஸ்' வரியில் ஒரு நூலகம் குறைந்திருந்தால், நீக்கியது தேவையான வரி. ஆவணம், மொழிபெயர்ப்புக் கோப்புகள் குறைந்தால் அந்த வரியில் தெரியாது. கோப்புப் பட்டியலையும் பார்க்க வேண்டும்.

நாம் எதையும் தொடாமலேயே பில்டு உடைவதும் உண்டு. பைத்தான் 3.12, பைத்தான் நிரல்களைத் தொகுத்து நிறுவ உதவிய 'டிஸ்ட்யூட்டில்ஸ்' தொகுதியை நீக்கியது. அதை நம்பியிருந்த பேக்கேஜ்கள், அதன் வேலையைச் செய்யும் 'செட்டப்டூல்ஸ்' தேவை என்று எழுத வேண்டியதாயிற்று. இன்னொரு பில்டு கருவியான சிமேக்கின் 4.0 பதிப்பு, 3.5-க்கு முந்தைய பதிப்புகளோடு இருந்த ஒத்திசைவைக் கைவிட்டது. குறைந்தபட்சப் பதிப்பாக 2.8 என்று எழுதிய திட்டங்கள் கான்ஃபிகரிலேயே தோற்கின்றன. 'சிமேக்_பாலிசி_வெர்ஷன்_மினிமம்' மாறிக்கு 3.5 என்று கொடுத்துத் தற்காலிகமாகத் தப்பலாம். மென்பொருளை எழுதும் மூலத் திட்டத்துக்குத் திருத்தம் அனுப்புவதே சரியான வழி.

டாக்ஸிஜன் போல ஆவணத்துக்கு மட்டும் வேண்டியதை 'பில்டு-டிபெண்ட்ஸ்-இண்டெப்' பகுதிக்கு மாற்றினால், பொறிக்கட்டமைப்பைச் (செயலி வகையைச்) சார்ந்த பேக்கேஜ்களை மட்டும் உருவாக்கும் பில்டு சேவையகங்கள் அதை நிறுவ வேண்டியிராது. ஆனால் பேக்கேஜாக்கும் வேலைக்கு உதவும் டெப்ஹெல்ப்பரை அங்கே தள்ளக்கூடாது: முந்தைய பில்டின் எச்சங்களைத் துடைக்கும் 'கிளீன்' கட்டத்துக்கே அது வேண்டும், அந்தக் கட்டத்தில் இண்டெப் பட்டியல் இருக்கும் என்ற உறுதி இல்லை.

சோதனைக்கு மட்டும் தேவைப்படுவதற்கு 'நோசெக்' குறி இடுங்கள்; சோதனையைத் தவிர்க்கும் பில்டில் அது வேண்டாம் என்று பொருள். சோதனைக் கருவிக்கே உங்கள் நூலகம் தேவைப்படும் வட்டச் சார்பு, புதிய பொறிக்கட்டமைப்புக்கு டெபியனைக் கொண்டுபோகும்போது இந்தக் குறியால்தான் அவிழும்.

டெப்ஹெல்ப்பரின் இணக்க நிலையை (எந்தத் தலைமுறை நடத்தை வேண்டும் என்று சொல்லும் எண்ணை) 13-க்கு உயர்த்துபவர்கள் ஒன்றை எதிர்பார்க்கலாம்: நிறுவப்பட்டும் எந்தப் பேக்கேஜிலும் சேராத கோப்பு ஒன்று இருந்தால்கூட பில்டு நிற்கும். சேர்க்க வேண்டியதென்றால் 'இன்ஸ்டால்' கோப்பிலும், வேண்டாததென்றால் 'நாட்-இன்ஸ்டால்டு' கோப்பிலும் எழுதிவிடுங்கள்.