பழைய சிஸ்டத்தில் 5000 ரூபாய் போடுவதற்கு முன்னால்

போன வருடம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் தன் சிபியுவை டிவிஎஸ் எக்ஸ்எல்லில் முன்னால் வைத்துக் கட்டிக்கொண்டு என் கடைக்கு வந்தார். ஏற்கெனவே செலவு செய்துவிட்டுத்தான் வந்திருந்தார். யாரோ சொன்னார்கள் என்று ஐ3 பிராசஸரைக் கழற்றிவிட்டுப் பழைய ஐ7-3770 ஒன்றைத் தேடி வாங்கிப் போட்டு, அதோடு ஒரு கிராபிக்ஸ் கார்டும் சொருகியிருந்தார். "சிஸ்டம் ஆன் ஆகறதுக்குள்ள கஸ்டமர் பக்கத்துக் கடைக்குப் போயிடறாங்க தம்பி" என்றார். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். பிராசஸர் 8 சதவீதம், டிஸ்க் 100 சதவீதம். உள்ளே இருந்தது அவர் முதன்முதலில் வாங்கிய அதே ஹார்ட் டிஸ்க். ஐ7 பாவம், டிஸ்க் எப்போது தரும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

திண்டுக்கல்லில் பல வருடமாகச் சர்வீஸ் கடை நடத்துகிறேன். வாரத்துக்கு ஒன்றிரண்டு பேராவது இப்படி வருகிறார்கள். பணம் போட்டிருக்கிறார்கள், ஆனால் தப்பான இடத்தில். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே ஒரு வேலை செய்யுங்கள். வழக்கமாக எதையெல்லாம் திறந்து வைப்பீர்களோ, பிரவுசர், டாலி, போட்டோஷாப், எதுவானாலும் சரி, எல்லாவற்றையும் திறந்துவிட்டு, கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் டாஸ்க் மேனேஜர் பெட்டியில் மூன்று வரி போதும்: சிபியு, மெமரி, டிஸ்க். எது 90க்கு மேலேயே நின்று இறங்க மாட்டேன் என்கிறதோ அங்கேதான் அடைப்பு. ஹார்ட் டிஸ்கில் ஓடும் பழைய சிஸ்டங்களில், என் மேசைக்கு வந்தவரை, பெரும்பாலும் அது டிஸ்க்தான்.

காரணம் எளிது. ஹார்ட் டிஸ்கில் தட்டு சுற்ற வேண்டும், முள் நகர்ந்து சரியான இடத்துக்குப் போக வேண்டும், ஒவ்வொரு தேடலுக்கும் ஏறக்குறைய 10 மில்லி செகண்டுக்கு மேல் ஆகும். விண்டோஸ் பூட் ஆகும்போது படிப்பது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகள், எல்லாம் வெவ்வேறு மூலையில். எஸ்எஸ்டியில் (சிப்பிலேயே சேமிக்கும் டிஸ்க்) சுற்றுகிற பொருளே இல்லை, ஒரு தேடல் 0.1 மில்லி செகண்டில் முடிந்துவிடும். "என் போர்டு பழசு, அதில் எஸ்எஸ்டி போட்டால் முழு வேகம் வராதே" என்று சிலர் தயங்குகிறார்கள். உண்மைதான், எச்61 என்ற பழைய இன்டெல் போர்டு வகையில் இருப்பது 3 ஜிகாபிட் சாட்டா (டிஸ்கை மாட்டும் இணைப்பு), நொடிக்கு 500க்கு மேல் எம்பி படிக்கக்கூடிய எஸ்எஸ்டி அதில் 280க்குப் பக்கத்தில் நின்றுவிடும். ஆனால் நீங்கள் உணரப்போவது அந்தப் பெரிய எண்ணை இல்லை, அந்தத் தேடல் நேரத்தை. அது பழைய போர்டிலும் கிடைக்கும்.

எஸ்எஸ்டி வாங்கும்போது இடறுகிற இடங்கள் சில உண்டு. இந்தப் பழைய போர்டுகளில் எம்.2 ஸ்லாட் (புது வகை எஸ்எஸ்டியை நேராகச் சொருகும் இடம்) கிடையாது, அதனால் 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டிதான் கேட்க வேண்டும். விலை குறைவாக இருக்கிறதே என்று என்விஎம்இ என்ற அந்தப் புது வகை எஸ்எஸ்டியை வாங்கிவந்து, அதைச் சொருக ஒரு கார்டும் வாங்கி, கடைசியில் அதிலிருந்து பூட் ஆகவில்லை என்று என்னிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள். பெயர் தெரியாத கம்பெனியின் 2 டிபி எஸ்எஸ்டி சில நூறு ரூபாய்க்கு ஆன்லைனில் கிடைத்தால், தொடவே தொடாதீர்கள். ஒன்றைத் திறந்து பார்த்தேன், உள்ளே ஒரு மெமரி கார்டு ஒட்டியிருந்தது. அளவு மட்டும் 2 டிபி என்று காட்டும், உண்மையான கொள்ளளவு தாண்டியதும் பழைய பைல்மேல் புது பைலை எழுதிக்கொண்டே போகும். நல்ல கம்பெனியின் 256 ஜிபி போதும். ஜிஎஸ்டி பில்லோடு வாங்குங்கள், வாரண்டிக்கு அந்தப் பில்லைத்தான் கேட்பார்கள்.

மாட்டுவதற்கு முன் பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் ஓடும் போர்டின் செட்டிங்) சாட்டா மோடு எதில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பழைய போர்டுகளில் அது ஐடிஇ என்றே கிடக்கும். ஏஎச்சிஐக்கு மாற்றிவிட்டு அப்புறம் விண்டோஸ் போடுங்கள். போட்ட பின் மாற்றினால் நீலத் திரை வந்து நிற்கும், உடனே எஸ்எஸ்டி மேல் பழி விழும். இன்னொன்று, பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் (சிஸ்டத்துக்குக் கரன்ட் தரும் பவர் சப்ளை) சாட்டா பவர் பின் பற்றாது. அதற்காக அச்சில் வார்த்த மாதிரி இருக்கும் மலிவு கன்வெர்ட்டர் கேபிளை மாட்டாதீர்கள். அது உருகிக் கருகி வந்ததை என் கையாலேயே கழற்றியிருக்கிறேன்.

அடுத்தது ரேம். அதற்கு முன் ஒரு சின்ன விஷயம், சிரிக்காதீர்கள். 8 ஜிபி ரேம் போட்டும் வேகம் வரவில்லை என்று ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் ஓடுவது 32 பிட் விண்டோஸ். அது 4 ஜிபிக்கு மேல் தொடவே தொடாது, அதிலும் மூன்று சொச்சம்தான் கைக்கு வரும். மீதி 4 ஜிபி இரண்டு வருடமாகச் சும்மா மாட்டியிருந்தது. 64 பிட் போட்டோம், அவ்வளவுதான் வேலை. எனக்குச் சர்வீஸ் சார்ஜ் வாங்கவே கூச்சமாக இருந்தது (வாங்கினேன்).

இந்தப் போர்டுகளில் போடும் டிடிஆர்3 ரேம் இன்றைக்கும் பழசாகக் கிடைக்கும். எச்61, எச்81 போர்டுகளில் இரண்டே ஸ்லாட், மொத்தம் 16 ஜிபி வரை ஏற்கும். வீட்டு வேலைக்கும் பில் போடவும் 8 போதும், இரண்டு 4 ஜிபியாகப் போட்டால் இரண்டும் ஒரே நேரத்தில் சேர்ந்து, டூயல் சேனலில் ஓடும். ஆன்லைனில் சந்தை விலைக்குப் பாதியில் ஒரு வகை 8 ஜிபி டிடிஆர்3 வரும், பெட்டியில் சின்னதாக 'ஏஎம்டிக்கு மட்டும்' என்று இருக்கும். இன்டெல் போர்டில் மாட்டினால் திரையே வராது. ரேம் செத்துவிட்டது என்று நினைப்பீர்கள், சாகவில்லை, அதன் சிப் அமைப்பு வேறு. இதைவிடப் பழைய ஜி41 போர்டு வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், இரண்டு பக்கமும் சேர்த்து 16 சிப் இருக்கும் 4 ஜிபி ரேமைத்தான் அது ஏற்கும், 8 சிப் உள்ளதை மாட்டினால் மறுத்துவிடும். ஜி31 என்றால் 4 ஜிபிதான் எல்லை, அதில் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள்.

இனி சொல்லப்போவது என் தப்பு. தொழில் தொடங்கிய புதிதில் ஒரு மளிகை மண்டிக்கு சிஸ்டம் சரிபண்ணிக் கொடுத்தேன். எஸ்எம்பிஎஸ் போயிருந்தது. அவர்கள் விலை பேசினார்கள், நானும் இளகி, 450 வாட்ஸ் என்று ஒட்டியிருந்த ஒரு லோக்கல் டப்பாவைப் போட்டேன். ஒரு மழைக்கால ராத்திரியில் கரன்ட் போய் வந்ததில் அது செத்தது. தனியாகச் செத்திருந்தால் பரவாயில்லை, போர்டையும் ஹார்ட் டிஸ்கையும் கூட்டிக்கொண்டு போனது. டாலி பேக்கப் இரண்டு மாதம் பழசு. அந்த இரண்டு மாத பில்லை ராத்திரி ராத்திரியாக மண்டியிலேயே உட்கார்ந்து நானும் கணக்குப்பிள்ளையும் திரும்ப ஏற்றினோம். மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே.

அன்றிலிருந்து எஸ்எம்பிஎஸ்ஸைக் கையில் எடுத்தால் பெரிய எழுத்தில் இருக்கும் வாட்ஸை நான் பார்ப்பதே இல்லை. பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் சாப்பிடுவது அங்கிருந்துதான். 14 ஆம்பியர் என்றால் 12ஆல் பெருக்குங்கள், 168 வாட்ஸ். 450 என்று முகத்தில் எழுதியிருப்பது வேறு கதை. தூக்கிப் பார்த்தாலும் ஓரளவு தெரியும், இறகு மாதிரி இருந்தால் உள்ளே ஒன்றுமில்லை. ஐ5-3470 மாதிரி 77 வாட்ஸ் பிராசஸர், தனி கிராபிக்ஸ் இல்லை என்றால் உண்மையான 300 வாட்ஸே தாராளம். பொய் 600ஐ விட அது மேல். உங்களிடம் இருப்பது நல்ல கம்பெனியின் எஸ்எம்பிஎஸ், ஆனால் பத்து வருடம் ஓடியது என்றாலும், எஸ்எஸ்டி வாங்கும் அன்றே அதையும் மாற்றிவிடுவது உத்தமம். எஸ்எஸ்டிக்கு ஆகிற பணத்தில் கை வைத்தாலும் பரவாயில்லை, இதில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

ஆபீஸ்களிலிருந்து கழித்த டெல், எச்பி பெட்டி வைத்திருப்பவர்கள் ஒரு நிமிடம் நில்லுங்கள். அவற்றில் பல மாடல்களில் பவர் பின்னும் பெட்டியின் அளவும் தனி. கடையில் தொங்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ் பொருந்தாது. மாடல் எண்ணைச் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

பிராசஸரை மாற்றலாமா? டாஸ்க் மேனேஜரில் சிபியுதான் 100இல் நிற்கிறது என்றால் மாற்றலாம். பிராசஸர் மட்டும் பழசாக வாங்க நான் பயப்படுவதில்லை, கம்ப்யூட்டரில் கடைசியாகச் சாகும் பொருள் அதுதான். எச்61 போர்டில் இரண்டு கோர் ஐ3 இருந்தால் நான்கு கோர் ஐ5-3470 நல்ல தாவல். ஆனால் 2011இல் வந்த சில எச்61 போர்டுகள் பயாஸ் அப்டேட் செய்யாமல் 3470 மாதிரி மூன்றாம் தலைமுறை பிராசஸரை அடையாளம் காணாது. பழைய பிராசஸர் உள்ளே இருக்கும்போதே அப்டேட் செய்துவிட வேண்டும், யுபிஎஸ் இல்லாமல் அதைத் தொடவே கூடாது. நம் ஊர் கரன்ட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பழைய பாகங்களில் நான் ஒருபோதும் பழசு வாங்காதவை ஹார்ட் டிஸ்க், எஸ்எம்பிஎஸ் இரண்டும்தான். பழைய மதர்போர்டு வாங்கினால் சாக்கெட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், இன்டெல் போர்டுகளில் பின் இருப்பது போர்டில்தான், ஒன்று மடங்கியிருந்தாலும் முடிந்தது கதை.

கிராபிக்ஸ் கார்டு பற்றிப் பையன்கள்தான் அதிகம் கேட்பார்கள். ஜெராக்ஸ் கடைக்கும் பில்லுக்கும் அது தேவையே இல்லை. வாங்கியே ஆக வேண்டும் என்றால் ஒரே பெயரில் இரண்டு சரக்கு வருவதைக் கவனியுங்கள். ஜிடி 1030 என்பதில் ஜிடிடிஆர்5 மெமரி வைத்த ஒன்றும், 2018இல் வந்த டிடிஆர்4 மெமரி வைத்த ஒன்றும் உண்டு, பின்னதன் மெமரி வேகம் முன்னதில் பாதிகூட இல்லை. பழைய ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று விற்பதில் இன்னும் பழைய கார்டின் பயாஸை மாற்றி எழுதிய போலிகளும் உண்டு. பணம் கொடுக்கும் முன் கடையிலேயே ஜிபியு-இசட் (கார்டின் விவரத்தைக் காட்டும் சாப்ட்வேர்) ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், போலியைப் பல நேரம் அதுவே போலி என்று காட்டிவிடும்.

சரி, எங்கே நிறுத்துவது? என் கணக்கு ஒன்றுதான். மதர்போர்டை மாற்ற வேண்டி வந்தால் அதற்குப் பெயர் அப்கிரேட் இல்லை. புது போர்டு என்றால் டிடிஆர்3 ரேம் வீண், பிராசஸர் வீண், விண்டோஸ் ஆக்டிவேஷனும் கேள்விக்குறி. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை வேறு எகிறிவிட்டது. அந்த நிலையில் கையில் காசு குறைவு என்றால் எட்டாம் தலைமுறை ஐ5 போட்ட ரீபர்பிஷ்டு (பழசைச் சரிசெய்து விற்கும்) ஆபீஸ் சிஸ்டம் பார்ப்பேன். எட்டாம் தலைமுறை என்று ஏன் குறிப்பாகச் சொல்கிறேன் என்றால், இன்டெலில் விண்டோஸ் 11ஐ மைக்ரோசாப்ட் அதிகாரபூர்வமாக ஏற்பது பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றே முடிந்தது. வீட்டு உபயோகத்துக்குப் பதிவு செய்தவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. பழைய சிஸ்டத்தில் வழி சுற்றி 11 போட்டுத் தரும்படி கேட்பவர்கள் உண்டு, போட முடியும்தான், ஆனால் அதற்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாப்ட் உத்தரவாதம் தருவதில்லை. நெட் பேங்கிங் செய்யும் சிஸ்டத்தில் நான் அப்படிச் செய்து தருவதில்லை. வெறும் பிரவுசர், வீடியோ, பிள்ளைகள் படிப்பு என்றால் விண்டோஸுக்குப் பதிலாக இலவச லினக்ஸ் மின்ட் போட்டுத் தருகிறேன், இரண்டு நாள் முணுமுணுப்பார்கள், அப்புறம் பழகிவிடும்.

புதுசுக்குப் போகும் முன் பின்பக்கத்தையும் ஒரு தடவை பாருங்கள். பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரோ, ஏதாவது சாப்ட்வேரின் டாங்கிளோ (மாட்டினால்தான் அந்த சாப்ட்வேர் ஓடும் சாவி மாதிரி) அந்த அகலமான எல்பிடி போர்ட்டில் மாட்டியிருந்தால், இப்போதைய போர்டுகளில் பெரும்பாலும் அந்தப் போர்ட்டே இருக்காது. யுஎஸ்பி கன்வெர்ட்டரில் பிரிண்டர் ஓடினாலும் டாங்கிள் ஓடுமா என்பது சந்தேகம். இதற்காகவே பழைய போர்டைக் கட்டிக்கொண்டு அழும் இரண்டு கடைகள் எனக்குத் தெரியும், அவர்கள் செய்வது சரிதான்.

அதிகக் காசு இல்லாமல் ஆகிற வேலையும் உண்டு. ஹீட் சிங்க்கைக் கழற்றித் தூசி தட்டி, காய்ந்த தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதுசாக வைத்தாலே தானாக அணையும் சிஸ்டம் பல அடங்கிவிடும். தேதி 2010க்குப் போய், எந்த வெப்சைட்டும் திறக்கவில்லை என்றால் போர்டில் இருக்கும் சிஆர்2032 காசு பேட்டரியை மாற்றுங்கள், சின்ன செலவு. ஒரு தடவை கேபினெட்டைத் திறந்தால் உள்ளே பல்லி முட்டை நாலு.

ஜெராக்ஸ் கடை அண்ணனுக்கு எஸ்எஸ்டியும் எஸ்எம்பிஎஸ்ஸும் போட்டோம். கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி ஒரு கல்லூரிப் பையனுக்கு விற்றுக் கொடுத்தேன், எஸ்எஸ்டி காசில் பாதி அதிலேயே வந்தது. பழைய ஹார்ட் டிஸ்கை டிஸ்கின் ஆரோக்கியம் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்போவில் பார்த்தால் மஞ்சள் எச்சரிக்கை, அதனால் அப்படியே குளோன் செய்யாமல் விண்டோஸைப் புதிதாகப் போட்டு, வேண்டிய பைல்களை மட்டும் எடுத்தேன். அந்த டிஸ்கை பார்மட் பண்ணாமல், மேலே தேதி எழுதி, கவரில் போட்டு அவர் கையிலேயே கொடுத்து, ஆறு மாதம் டிராயரில் கிடக்கட்டும் என்றேன். நாலாவது மாதம் போன் வந்தது: "தம்பி, அந்த வாடகை ஒப்பந்தப் பத்திரம் மாடல் ஒண்ணு வெச்சிருந்தேனே, அது பழைய டிஸ்க்லதான இருக்கும்?"