உறையும் இல்லை, முத்திரையும் இல்லாமல் இல்லை

ஆஸ்திரேலியாவில் முதன்முதலில் குடியேறிய ஆங்கிலேயர்கள் இங்கிலாந்திலிருந்த தாய் தந்தையருக்கு எழுதிய கடிதங்களைப் பற்றித் தமிழில் படிக்கும்போது ‘முத்திரையற்ற உறை’ என்ற தொடர் மூன்றாவது முறையாகக் கண்ணில் பட்டது. இம்முறை ஒரு கண்காட்சிக் குறிப்பில். மேலே இருந்த படத்தில் சிவப்பில் ஒன்றும் கறுப்பில் ஒன்றுமாக இரண்டு முத்திரைகள் பளிச்சென்று தெரிந்தன. உறையைத்தான் காணவில்லை. இருப்பதே இரண்டு சொல், இரண்டும் தவறு.

அஞ்சல் தலை ஒட்டாமல் போன இத்தகைய பழைய கடிதத்தை ஆங்கிலத்தில் ‘ஸ்டாம்ப்லெஸ் கவர்’ என்கிறார்கள். ‘ஸ்டாம்ப்’ முதலில் இடித்து நசுக்குவதைக் குறித்தது. பிறகு அழுத்திய அடையாளத்தை. கடைசியில்தான் ஒட்டும் வில்லையை. ‘முத்ரா’ என்ற வடசொல்லின் வழி வந்த நம் முத்திரைக்கும் ஏறக்குறைய இதே கதைதான். தமிழ்நாட்டில் முத்திரை என்றால் குத்துவது, இலங்கையில் ஒட்டுவது. மொழிபெயர்த்தவர் யாழ்ப்பாணத்துக்காரர் என்றால் பாதிக் குற்றத்தை மன்னித்துவிடலாம்.

உறைக்கு மன்னிப்பே கிடையாது. வாளுக்கு உறை உண்டு, தலையணைக்கு உறை உண்டு. உள்ளே இருப்பது வேறு, உறை வேறு. அந்தக் கடிதங்களில் அப்படி இரண்டு பொருள் இல்லை. 1840க்கு முன்பு பிரிட்டனில் தாளின் எண்ணிக்கையையும் தூரத்தையும் பார்த்துக் கட்டணம் போட்டார்கள். உறை போட்டால் அதுவும் ஒரு தாள், கட்டணம் இரட்டிப்பாகும். அந்தக் கட்டணமும் பெரும்பாலும் பெறுபவர் தலையில்தான் விழும். பெற்ற தாயை யார் அப்படித் தண்டிப்பார்கள்? எழுதிய தாளையே மடித்து, அரக்கு வைத்து, வெளிப்பக்கத்தில் முகவரி எழுதி அனுப்பினார்கள்.

சிட்னியில் 1809இல் ஐசக் நிக்கல்ஸ் முதல் அஞ்சல் அதிகாரியானார். தண்டனைக் கைதியாகக் கப்பலேறி வந்தவர் அவர். சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸில் ஒட்டும் அஞ்சல் தலை வந்தது 1850இல். இடையில் போன கடிதங்களில் கப்பலில் வந்ததைக் காட்டும் ‘ஷிப் லெட்டர்’ முத்திரை, ஊர் முத்திரை, தேதி முத்திரை, பேனாவால் கிறுக்கிய கட்டணத் தொகை என்று இடம் விடாமல் குறிகள். எந்தத் துறைமுகம், எந்த நாள், எவ்வளவு காசு என்று சேகரிப்பவர்கள் தேடுவதே அவற்றைத்தான். அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு ‘முத்திரையற்ற’ என்பதா? 1838இல் சிட்னியில் விற்ற கடிதத் தாளிலோ, மையில்லாமல் புடைத்து நிற்கும் முத்திரையே முன்கட்டணம் செலுத்தியதற்கு அடையாளம். அதை இந்த மொழிபெயர்ப்பாளர் என்னவென்று சொல்வார்?

தனித்தமிழ் அன்பர் ஒருவர் ‘பொறியிலா மடல்’ என்கிறார். பொறி நல்ல பழைய சொல்தான். காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்தில் மூட்டைகளில் புலி பொறித்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. ஆனால் இன்று பொறி என்றால் தீப்பொறி, எலிப்பொறி. தவிர, ‘இலா’ போட்டதும் பழைய பிழையே தூய தமிழில் திரும்பி வருகிறது. தூய்மை பிறகு, முதலில் பொருள் சரியாக இருக்கட்டும்.

‘தலை ஒட்டாத மடிதாள்’ என்பேன். தலை என்றால் அஞ்சல் தலை. தமிழ்நாடு, இலங்கை என இரு கரையிலும் குழப்பமில்லை. அச்சால் குத்தியது, பேனாவால் எழுதியது இரண்டுக்கும் சேர்த்து ‘அஞ்சல் குறி’ போதும். முத்திரையைக் குத்தியதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைப் புரட்டும் நேரத்தில் பாதியைப் படத்தைப் பார்ப்பதற்குச் செலவிட்டாலே போதும். அதே குறிப்பில் இன்னொரு கடிதத்துக்கு ‘அடித்துத் திருத்தப்பட்டது’ என்று எழுதியிருந்தார்கள். அதில் ஒரு சொல்கூட அடிபடவில்லை. இன்னொரு தாளுக்குக் காசில்லாமல், எழுதி முடித்த பக்கத்தைப் பக்கவாட்டில் திருப்பி, வரிகளுக்குக் குறுக்கே மறுபடி எழுதியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் அதற்குக் ‘கிராஸ்டு லெட்டர்’ என்று பெயர்.