லோஃபர் வாங்கும்போது அகலத்துக்காக சைஸை ஏற்றாதீர்கள்

லேஸ் கட்டும் ஷூவில் அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் சமாளித்துவிடலாம். தளர்ந்தால் இழுத்துக் கட்டலாம், கால் வீங்கினால் அவிழ்த்துக் கட்டலாம். லோஃபரில், அதாவது நம் ஊரில் கட் ஷூ என்று கேட்டு வாங்கும் வகையில், அந்த வசதி எதுவும் கிடையாது. அது காலில் நிற்பது இரண்டே இடங்களின் பிடியில்: முன்னால் பாதத்தின் மேல்மேடு, பின்னால் குதிகால். இந்த இரண்டுக்கும் நடுவே பாதம் சிக்கென்று உட்கார்ந்துவிட்டால் இதைவிட சுகமான ஷூ இல்லை. உட்காராவிட்டால் ஒவ்வொரு அடிக்கும் குதிகால் கழன்று வரும். அதைப் பிடித்து நிறுத்த விரல்கள் நமக்குத் தெரியாமலே மடங்கி இறுகும். சாயங்காலமானால் கெண்டைக்கால் இழுக்கிறது, விரல் நுனியில் ஆணி வந்திருக்கிறது என்று சொல்பவர்களின் ஷூவைக் கழற்றிப் பார்த்தால், பெரும்பாலும் தேவைக்கு ஒரு சைஸ் பெரிதாக இருக்கும்.

நான் மருத்துவன் இல்லை. ஆம்பூர்ப் பக்கத்து ஷூ தொழிற்சாலைகளில் பேட்டர்ன் பிரிவில் வேலை பார்த்துவிட்டு, இப்போது காலை அளந்து ஷூ செய்து தரும் சிறிய பட்டறை நடத்துகிறேன். வருகிறவர்கள் சொல்லும் முதல் வாக்கியம் ஏறக்குறைய ஒன்றுதான்: "கொஞ்சம் தாராளமாவே இருக்கட்டும் சார்." அடுத்த வருஷத்துக்கும் ஆகட்டும் என்று ஒரு சைஸ் பெரிதாகப் பள்ளிக்கூட ஷூ வாங்கித் தந்த வீடுகளில் வளர்ந்தவர்கள் நாம். வளர்கிற காலுக்கு அது ஓரளவு பொருந்தும். நாற்பது வயதுக் காலுக்கு என்ன வளர்ச்சி?

தாராளம் கேட்பவர்களுக்கு உண்மையில் வேண்டியது அகலம். கடையில் அகலம் கிடைக்காததால் நீளத்தை வாங்குகிறார்கள். நம் கடைகளில் ஓடும் 6, 7, 8 என்ற எண்கள் பிரிட்டிஷ் அளவுமுறை. ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நீளத்தில் வித்தியாசம் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, கிட்டத்தட்ட 8.5 மி.மீ. முன்பாதத்தின் சுற்றளவில் கூடுவதோ கால் அங்குலம், 6 மி.மீ. சொச்சம். அதுவும் பாதத்தைச் சுற்றி முழுக்கப் பரவிவிடுவதால், அடிப்பாகத்து அகலமாகத் தேறுவது சுமார் 2 மி.மீ.தான். இந்த 2 மி.மீ.க்காக 8.5 மி.மீ. நீளத்தைச் சுமக்கிறோம். குதிகால் கழலாமல் என்ன செய்யும்?

நம் பாதம் அகலம் என்பது வெறும் பேச்சு இல்லை. சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடு முழுக்க 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை முப்பரிமாண ஸ்கேனரில் அளந்தது. ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட இந்தியப் பாதம் பொதுவாக அகலமானது என்று அதில் தெரியவந்தது. அதை வைத்து 'பா' என்ற பெயரில் இந்தியாவுக்கென ஓர் அளவுமுறையையும் முன்வைத்தார்கள். ஆனால் இன்று நீங்கள் கடைக்குப் போனால் கையில் எடுப்பது பழைய அளவு ஷூவைத்தான். எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஓடும் லாஸ்ட், அதாவது ஷூவை இழுத்து ஏற்றும் கால் அச்சு, பெரும்பாலும் வெளிநாட்டு வாடிக்கையாளர் சொன்ன அளவில் செய்தது. ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கை மலிவாக வாங்குகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். பிரிட்டிஷ் ஆண்கள் ஷூவில் எஃப் சாதாரண அகலம், ஜி, எச் என்று போகப்போக அகலம் கூடும். அமெரிக்க ஆண்கள் ஷூவில் டி சாதாரணம், இ, இரட்டை இ அகலம். எழுத்தே இல்லையென்றால் சாதாரண அகலம் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

சரி, காலை அளப்பது எப்படி? சாயங்காலம் அளங்கள், பகல் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். உட்கார்ந்து அளக்கக் கூடாது, எடை இறங்கும்போதுதான் பாதம் முழுதாக விரியும். சுவரோரம் ஒரு தாளைப் போட்டு, குதிகால் சுவரில் படும்படி நின்று, இன்னொருவரை வரையச் சொல்லுங்கள். நீங்களே குனிந்து வரைந்தால் எடை ஒரு பக்கம் சாய்ந்துவிடும். இரண்டு காலையும் வரைய வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு ஒரு கால் கொஞ்சம் பெரிதுதான். ஷூவை அந்தக் காலுக்கு வாங்கி, மற்றதை உள்ளே பேட் வைத்துச் சரிசெய்ய வேண்டும்.

நீளம் மட்டும் போதாது. குதிகாலிலிருந்து கட்டைவிரலின் அடிமூட்டு வரை, அந்த எலும்பு புடைத்துக்கொண்டு நிற்கும் இடம் வரை, தனியாக அளங்கள். அமெரிக்காவில் சைரக்யூஸ் நகரத்துச் சார்லஸ் பிரானக் 1920களில் செய்த அளவுத் தட்டு இன்றும் பெரிய கடைகளில் இருக்கிறது. அதன் பக்கவாட்டு ஓரத்தில் முன்னும் பின்னும் நகரும் ஒரு துண்டு இருக்கும். அது இந்த மூட்டு அளவுக்குத்தான், விற்பனையாளர்கள் அதைத் தொடுவதே இல்லை. இரண்டு பேருக்கும் பாதம் 26 செ.மீ. என்று வையுங்கள். ஒருவருக்கு விரல் நீளம், மற்றவருக்கு விரல் குட்டை. மூட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். ஷூ மடங்கும் இடமும் பாதம் மடங்கும் இடமும் ஒன்றாக இருந்தால்தான் நடை சுகம். ஷூவைப் போட்டு முன்பாதத்தில் எம்பி நின்று பாருங்கள். தோலில் மடிப்பு விழும் கோடு உங்கள் மூட்டுக்கு நேராக விழ வேண்டும். விரலுக்கு நடுவில் விழுந்தால் அந்த ஷூ உங்களுக்கு இல்லை.

கடைசியாக ஒரு டெய்லர் டேப்பால் மூட்டைச் சுற்றியும், பாதத்தின் மேல்மேட்டைச் சுற்றியும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். லோஃபருக்கு இந்த இரண்டாவது சுற்றளவுதான் உயிர்.

மேல்மேடு உயர்ந்த பாதம் உள்ளவர்களுக்கு பென்னி லோஃபர் ஆகாது என்று சொல்லிவிட மாட்டேன், ஆனால் அதுதான் முதலில் கடிக்கும். 1936ல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து ஜி.எச்.பாஸ் நிறுவனம், நார்வேயின் ஆர்லாண்ட் பகுதி ஷூவைப் பார்த்துச் செய்து பிரபலமாக்கிய வகை அது. மேலே குறுக்காக ஒரு பட்டை, நடுவில் ஒரு சிறிய வெட்டு. அந்தப் பட்டை சரியாக மேட்டின் மீது உட்காரும். நிற்கும்போது வெட்டு வாய் பிளந்து தெரிந்தால் அங்கே இறுக்கம் என்று அர்த்தம். இவர்களுக்குக் குறுக்குப் பட்டை இல்லாத வெனீஷியன் வகையோ, நாக்கின், அதாவது மேல்மேட்டின் மீது படியும் தோல் துண்டின், இரு பக்கமும் உள்ளே எலாஸ்டிக் மறைத்துத் தைத்த வகையோ நல்லது. தட்டையான மேல்மேடு உள்ளவர்களுக்கு நேரெதிர். அவர்களுக்கு முன்பக்க மூடல் நீளமாக, கணுக்காலை நோக்கி ஏறி வர வேண்டும். விரலின் அடி தெரிகிற அளவுக்குக் குட்டையாக வெட்டிய லோஃபர் பார்க்க அழகுதான், அவர்கள் காலில் நிற்காது.

குதிகால் ஒல்லி, முன்பாதம் அகலம் என்பதுதான் என்னிடம் அதிகம் வரும் கால். கடையில் உடனே குதிகாலில் ஒரு பஞ்சுப் பட்டை ஒட்டித் தருவார்கள். அது பாதத்தை முன்னால் தள்ளி விரலை இடிக்க வைக்கும். அதற்குப் பதிலாக நாக்கின் அடிப்பக்கம் ஒரு மெல்லிய ஃபெல்ட் துண்டை ஒட்டச் சொல்லுங்கள். அது மேட்டை அழுத்திப் பாதத்தைக் குதிகால் பக்கம் தள்ளும். தெருமுனையில் செருப்பு தைப்பவரே செய்துவிடுவார். பல ஷூக்களைக் குப்பைக்குப் போகாமல் காப்பாற்றிய துண்டு இது.

விரல் விஷயத்துக்கு வருவோம். சிலருக்குக் கட்டைவிரல் நீளம், சிலருக்கு இரண்டாம் விரல் நீளம், சிலருக்கு முதல் மூன்று விரலும் ஒரே வரிசை. இரண்டாம் விரல் நீண்ட பெண் வீட்டை ஆள்வாள் என்று பாட்டிமார் சொல்வதுண்டு. ஆள்கிறாளோ இல்லையோ, கூர்முனை ஷூவில் அந்த விரல்தான் நுனி மடங்கிச் சிரமப்படும். அவர்கள் நீளத்தைக் கட்டைவிரலில் அளக்காமல் இரண்டாம் விரலில் அளக்க வேண்டும். விரல்கள் ஒரே வரிசையில் இருப்பவர்களுக்கு வட்ட முனையோ சதுர முனையோ தவிர வேறு எதுவும் வேண்டாம்.

மெட்டி போடும் பெண்கள் லோஃபர் வாங்கும்போது மெட்டியோடு போட்டுப் பாருங்கள். வெளிநாட்டு அச்சில் மெட்டிக்கு இடம் கிடையாது. பக்கத்து விரல் தேய்ந்து புண்ணாகும், உள் லைனிங்கும் கிழியும். கல் வைத்த மெட்டியை விட்டு மெல்லிய கம்பி மெட்டிக்கு மாறினாலே பாதிப் பிரச்சினை தீரும். முன்பக்கக் கூரை உயரமான ஷூவாகவும் பார்த்து எடுங்கள்.

கட்டைவிரல் மூட்டு வெளியே புடைத்து, விரல் உள்ளே சாய்ந்தவர்கள் அகலத்துக்கு முன்னால் தையலைப் பார்க்க வேண்டும். லோஃபரின் முன்பக்கத்தில் லாட வடிவில் ஓடும் தையல் அந்தப் புடைப்பின் மேல் விழுந்தால் எவ்வளவு அகலம் இருந்தாலும் வலிக்கும். தையலே இல்லாத மிருதுவான முன்பக்கம் தேடுங்கள். அந்த ஓர் இடத்தை மட்டும் தோலை இழுத்துக் கொடுக்கும் கருவி பட்டறைகளில் உண்டு. தட்டைப் பாதத்துக்கு ஷூவைக் கையில் எடுத்துத் துணி பிழிவதுபோல் முறுக்கிப் பாருங்கள், சுலபமாக முறுக்கினால் கீழே வைத்துவிடுங்கள். மருத்துவர் தந்த இன்சோல் உள்ளவர்கள் அதைக் கையோடு எடுத்துப் போக வேண்டும். கழற்றக்கூடிய உள்தட்டு இல்லாத லோஃபரில் அது நுழையாது. (1992ல் 2,300 இந்தியக் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வொன்றில், மூடிய ஷூ போட்டு வளர்ந்தவர்களிடம்தான் தட்டைப் பாதம் அதிகம் காணப்பட்டது. பிள்ளைகளை வீட்டில் வெறுங்காலோடு ஓட விடுங்கள்.)

"போடப் போட இளகிடும் சார்" என்று கடைக்காரர் சொல்வது பாதி உண்மை. நல்ல தோல் அகலத்தில் இளகும், நீளத்தில் இளகாது. விரல் நுனி இடித்தால் அது என்றைக்கும் இடிக்கும். பக்கங்களில் வலியில்லாத இறுக்கம் இருந்தால் கவலை வேண்டாம், சில வாரங்களில் சரியாகிவிடும். உள்ளே கார்க் நிரப்பிய ஷூ என்றால் பாதம் கொஞ்சம் கீழேயும் அமரும், அதனால் மேல்மேட்டிலும் இடம் கிடைக்கும். புதிதில் குதிகால் லேசாக அசைவதும் சகஜம். சோல் வளையப் பழகியதும் அது குறையும். ஸ்வேட், அதாவது வெல்வெட் போல மெத்தென்று இருக்கும் தோல், நன்றாக இளகும். பளபளவென்று மேல்பூச்சு போட்ட தோல் கொஞ்சம்தான் இளகும். ரெக்சின் இளகுவதற்கு முன் உரிந்துவிடும்.

தையலிலும் வித்தியாசம் உண்டு. உண்மையான மொக்கசின் முறையில் ஒரே தோல் பாதத்துக்கு அடியிலிருந்து சுற்றி மேலே வந்து, முன்பக்கத் துண்டோடு கையால் தைக்கப்படும். ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் ஷூவின் மேல்பாகத்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கையால் தைக்கும் பெண்கள் ஏராளம். நீங்கள் வெளிநாட்டு விலையில் வாங்கும் கைத்தையலுக்கு அவர்கள் கைக்கு வருவது சொற்பம், அது தனியாக எழுத வேண்டிய கதை. அந்த முறையில் செய்த லோஃபர் மற்றவற்றைவிட அதிகம் இளகும், ஆகவே தொடக்கத்தில் நன்றாக இறுக்கமாகவே எடுக்கலாம். தையல் மாதிரி மேலே சும்மா வரி ஓட்டிய ஷூவுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. கடித்தால் தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம் செருப்போடு நிற்கட்டும். வெளிர் நிற ஷூவில் அந்தக் கறை போகவே போகாது.

ஒரு கூட்டத்தாரிடம் மட்டும் லோஃபர் விற்க நான் தயங்குவேன். பல வருடமாகச் சர்க்கரை நோய் இருந்து, பாதத்தில் மரமரப்பும் உள்ளவர்கள். உணர்ச்சி குறைந்த கால், இறுக்கமாகப் பிடித்தால்தான் ஷூ போட்டதாகவே உணரும். அதனால் அவர்களே ஒரு சைஸ் சிறியதை விரும்பிக் கேட்பார்கள். கொப்புளம் வந்தது வீட்டில் வேறு யாராவது பார்த்துச் சொன்னால்தான் தெரியும். லோஃபர் பிடியில் நிற்கிற ஷூ, பிடியைத் தளர்த்தவும் வழியில்லை. வேலூரில் டாக்டர் பால் பிராண்டும் அவரோடு இருந்தவர்களும் தொழுநோயால் உணர்ச்சி போன பாதங்களுக்காக மைக்ரோசெல்லுலார் ரப்பர் செருப்பைக் கொண்டுவந்தார்கள். இன்று சர்க்கரை நோயாளிகளுக்கு எழுதித் தரும் எம்.சி.ஆர். செருப்பு அந்த வழியில் வந்ததுதான். அலுவலகத்துக்கு ஷூதான் வேண்டும் என்றால் வெல்க்ரோ பட்டையோ லேஸோ உள்ள, முன்பக்கம் உயரமான ஷூவை உங்கள் மருத்துவரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள்.

ஆன்லைனில் வாங்குகிறவர்களுக்கு: பெட்டி வந்ததும் அலுவலகத்துக்குப் போடும் அதே சாக்ஸோடு, சாயங்காலம், நன்றாகத் துடைத்த வெறும் தரையில் நடந்து பாருங்கள். கம்பளத்தின் மேல் நடந்தால் குதிகால் கழல்வது தெரியாது. மாடிப்படி இருந்தால் ஏறுங்கள், பொருந்தாத லோஃபர் அங்கே உடனே காட்டிக்கொடுக்கும். நடப்பதற்கு முன் சோலில் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். கீறல் விழுந்த ஷூவை அவர்கள் திரும்ப எடுப்பதில்லை.