எரியாத விஸ்கியில் ஆல்கஹால் குறைவா?

பாரில் வேலை பார்ப்பவர்களுக்கு விஸ்கி ருசி பார்க்கக் கற்றுக்கொடுப்பது என் வேலை. வகுப்பில் முதலில் இரண்டு கிளாஸ்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பேன். இரண்டுமே டாலிஸ்கர், ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் 1830-இல் தொடங்கிய வடிசாலையின் சிங்கிள் மால்ட், அதாவது ஒரே வடிசாலையில் முளைகட்டிய பார்லியிலிருந்து வடித்த விஸ்கி. ஒன்று பீப்பாயில் 10 வருடம் ஊறியது, மற்றது 18.

10 வருடத்தில் முதலில் புகை, பின்னாலேயே கடல் உப்பு. விழுங்கியதும் மிளகு ரசம் போலத் தொண்டையில் ஒரு சுளீர். 18-ஐ முகர்ந்தால் அதே வீட்டுப் பிள்ளைதான் என்று தெரியும், குரல்தான் தணிந்திருக்கும். புகை ஓரமாக ஒதுங்கியிருக்கும். தேன், பழுத்த பழம், பழைய மரப்பெட்டியைத் திறந்தால் வரும் வாசனை. மிளகு கடைசியில்தான் எட்டிப் பார்க்கும். இது ஓக் பீப்பாயின் வேலை. உள்ளே கருக்கிய மரம் கந்தக வாடையை இழுத்துக்கொண்டு வெனிலா மணத்தைக் கொடுக்கிறது.

இந்த இடத்தில்தான் யாராவது ஒருவர் கேட்பார்: "சார், இத்தனை வருஷத்துல ஆல்கஹால் ஆவியாகியிருக்குமே, அதனாலதானே எரியல?"

ஆவியாவது உண்மைதான். ஸ்காட்லாந்தில் வருடத்துக்கு ஏறக்குறைய 2 சதவீதம் பீப்பாயிலிருந்து போய்விடும். அதைத் தேவதைகளின் பங்கு என்பார்கள். ஆனால் பாட்டிலில் அடைக்கும் முன் தண்ணீர் கலந்து அளவைச் சரிசெய்கிறார்கள். நான் இரண்டு லேபிளையும் திருப்பிக் காட்டுவேன். 10-இலும் 45.8 சதவீதம், 18-இலும் 45.8 சதவீதம். 30 மில்லியில் ஏறக்குறைய 11 கிராம் ஆல்கஹால், எதிலிருந்து ஊற்றினாலும். மிளகாயின் காரத்தை உணரும் அதே நரம்புகள்தான் வாயில் ஆல்கஹாலின் எரிச்சலையும் உணர்கின்றன. பழைய விஸ்கியின் மணமும் இனிப்பும் அந்த எரிச்சலை மறைக்கின்றன, அவ்வளவுதான். கல்லீரலுக்கு லேபிளில் உள்ள வயது தெரியாது.

நான் பாருக்குப் பின்னால் நின்ற காலத்தில் வாடிக்கையாளர் ஒருவர் வழக்கமாக 10 வருடத்தில் இரண்டு சின்ன பெக்கோடு எழுந்துவிடுவார். ஒருநாள் நண்பர் 18 வாங்கிக் கொடுத்தார். "பட்டு மாதிரி இறங்குதுப்பா" என்று நான்காவதும் கேட்டார். பேச்சில் தடுமாற்றமே இல்லை. எழுந்து கார் சாவியை எடுத்தபோது அது கைநழுவி இரண்டு முறை விழுந்தது. எரிச்சல்தான் அவருக்கு இத்தனை நாள் போதும் என்று சொல்லியிருக்கிறது. அன்றைக்கு அது பேசவில்லை. சாவியை வாங்கி வைத்துக்கொண்டு டாக்ஸி வரவழைத்தேன்.

எந்த அளவு மதுவும் பாதுகாப்பானதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொல்லிவிட்டது. மது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்பதும் பல காலமாகத் தெரிந்ததுதான். குடிக்காதவர் யாரும் 18 வருடப் பெருமையைக் கேட்டுத் தொடங்க வேண்டாம்.

குடிப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்று. பழைய விஸ்கியைக் குத்துமதிப்பாக ஊற்றாதீர்கள், அளவுக் கிண்ணத்தில் ஊற்றுங்கள். எத்தனை பெக் என்பதைப் பாட்டிலைத் திறப்பதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். நான் வகுப்பில் ருசி பார்த்ததைத் துப்பிவிடுகிறேன். வாசனை முழுவதும் அதற்குள்ளேயே கிடைத்துவிடுகிறது.