பிளானை உயர்த்தும் முன் சிபியுவின் பின்பக்கத்தைப் பாருங்கள்

மாதம் 20ஆம் தேதி நெருங்கினாலே, ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட உட்காருகிறவர்களிடமிருந்து ஒரே புகார்: "போனில் நெட் நன்றாக இருக்கிறது, கம்ப்யூட்டரில் மட்டும் விட்டு விட்டுப் போகிறது." என்னைக் கூப்பிடுவதற்கு முன்பே 100 எம்பிபிஎஸ் பிளானை 300 ஆக மாற்றி, ஆறு மாதப் பணத்தையும் கட்டிவிட்டிருப்பார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

பிளான் என்பது ஃபைபர் கேபிள் உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் ரவுட்டர் பெட்டிவரை கொண்டுவரும் வேகம். அந்தப் பெட்டியிலிருந்து மேசைக்கடியில் இருக்கும் சிபியுவரை போவது ரேடியோ அலை. அதன் பலத்துக்கும் நீங்கள் கட்டும் பணத்துக்கும் தொடர்பே இல்லை. அட்டையில் 150 என்று அச்சிட்ட சிறிய டாங்கிளை (யூஎஸ்பி போர்ட்டில் செருகும் வைஃபை கருவி) எடுத்துக்கொள்ளுங்கள். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பட்டையில், 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், அது அதிகபட்சம் 72 எம்பிபிஎஸில்தான் ரவுட்டரோடு இணையும். பக்கத்திலேயே வைத்தாலும் கைக்கு வருவது 40 அளவுதான். நடுவில் சுவர் வந்தால் அதுவும் கிடையாது. 100 பிளானையே முழுதாக வாங்கமுடியாத கருவிக்கு 300 எதற்கு? அதோடு, மெதுவாக ஓடுவது வேறு, அறுந்துபோவது வேறு. ரிட்டர்ன் போடும் பக்கத்துக்குச் சில எம்பிபிஎஸ் போதும்; நடுவில் அறுபடாமல் இருந்தால் சரி.

கோளாறு எந்தப் பக்கம் என்று ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்டை (கட்டளை தட்டச்சு செய்யும் திரை) இரண்டு விண்டோவாகத் திறந்து, ஒன்றில் ரவுட்டரின் முகவரிக்கும் (பெரும்பாலும் 192.168.1.1) மற்றதில் 8.8.8.8க்கும் (வெளியே இருக்கும் கூகுள் சர்வர்) பிங் ஓடவிடுங்கள்; அதாவது ping என்று அடித்து முகவரியைச் சேர்த்தால், பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும். முகவரிக்குப் பின் இடம் விட்டு -t சேர்த்தால் நீங்கள் நிறுத்தும்வரை ஓடும். நல்ல வைஃபையில் ரவுட்டர் சில மில்லிசெகண்டில் பதில் தரும். அதுவே 200, 500 என்று குதித்தாலோ, டைம்ட் அவுட் என்று வந்தாலோ கோளாறு உங்கள் அறைக்குள். ரவுட்டர் ஒழுங்காகப் பதில் சொல்லி 8.8.8.8 மட்டும் விட்டுப்போனால்தான் கம்பெனிக்குப் போன் செய்ய வேண்டும். பெட்டியில் லாஸ் (LOS) விளக்கு சிவப்பாக எரிந்தால் எந்தச் சோதனையும் தேவையில்லை, ஃபைபரில்தான் பிரச்சினை. வீட்டில் எல்லாக் கருவியும் ஒரே நேரத்தில் அறுந்தால் ரவுட்டரின் அடாப்டரைப் பாருங்கள். 12 வோல்ட் 1.5 ஆம்பியர் கேட்கும் பெட்டிக்குக் கையில் கிடைத்த அரை ஆம்பியர் அடாப்டரைச் செருகினால் அது தானாக அணைந்து அணைந்து எழும்.

"போனில் வருகிறதே" என்கிறவர்கள், போனைக் கையில் பிடித்துப் பார்க்காதீர்கள். வைஃபை அனலைசர் செயலியைத் திறந்து, சிபியுவுக்குப் பின்னால், தரையோரம், டாங்கிள் இருக்கும் அதே இடத்தில் வையுங்கள். அது சிக்னல் பலத்தை டிபிஎம் அளவில் காட்டும்; மைனஸுக்குப் பின் எண் பெரிதாகப் பெரிதாக சிக்னல் பலவீனம். மைனஸ் 50, 60 டிபிஎம் என்றால் நல்லது. மைனஸ் 67 வரை வீடியோ கால் தாங்கும். மைனஸ் 75ஐத் தாண்டினால் அறுபடத்தான் செய்யும். முன்னால் இரும்புப் பெட்டி, பின்னால் சுவர், பக்கத்தில் பீரோ இருந்தால் அலை எங்கே நுழையும்?

இன்னொரு எதிரி நீல நிற யூஎஸ்பி 3.0 போர்ட். அதில் ஹார்டு டிஸ்க் ஓடும்போது கிளம்பும் ரேடியோ இரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பட்டையிலேயே விழுகிறது. இதை இன்டெல் 2012லேயே அறிக்கையாக வெளியிட்டது. பேக்கப் எடுக்கும்போது மட்டும் நெட் போகிறது என்றால் காரணம் இதுதான். டாங்கிளைக் கறுப்பு யூஎஸ்பி 2.0 போர்ட்டுக்கு மாற்றி, ஒரு மீட்டர் யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிளில் மேசைமேல் கொண்டுவாருங்கள். பெரும்பாலான புகார்கள் இதோடு தீர்கின்றன.

மதர்போர்டிலேயே வைஃபை உள்ளவர்கள் பின்னால் இரண்டு பித்தளைத் திருகுமுனைகளைத் தேடுங்கள். அவை வெறுமையாக இருந்தால் ஆன்டெனா இன்னும் அட்டைப்பெட்டிக்குள் தூங்குகிறது. ஆன்டெனா இல்லாமலும் ஒரு கோடு சிக்னல் காட்டும், அதுதான் ஏமாற்றுவது. ப்ளூடூத் ஹெட்செட்டும் சேர்ந்து திக்கினால் சந்தேகமே வேண்டாம். இரண்டையும் திருகி நிமிர்த்தி வையுங்கள். புதிதாக அசெம்பிள் செய்கிறவர்களே, மதர்போர்டு அட்டைப்பெட்டியைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்!

பிறகு விண்டோஸின் டிவைஸ் மேனேஜர். நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்பதற்குள் உங்கள் வைஃபை கருவியின் ப்ராப்பர்ட்டீஸில் பவர் மேனேஜ்மென்ட் பக்கம் இருந்தால், மின்சாரம் மிச்சப்படுத்தக் கருவியை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். சும்மா விட்டு வந்தால் நெட் போயிருக்கும் கதை இங்கேதான் தொடங்குகிறது. டிரைவரை (கருவியை இயக்கும் மென்பொருள்) மதர்போர்டு அல்லது டாங்கிள் கம்பெனியின் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். டிரைவர் அப்டேட்டர் என்று விளம்பரம் செய்யும் மென்பொருள் எதுவும் வேண்டாம்.

ரவுட்டரில் 2.4க்கும் 5 ஜிகாஹெர்ட்ஸுக்கும் ஒரே பெயர் இருந்தால் கம்ப்யூட்டர் இரண்டுக்கும் நடுவே தாவிக்கொண்டிருக்கலாம். பெயரைப் பிரித்து ஒன்றில் நிறுத்துங்கள்: ரவுட்டர் அதே அறையில் என்றால் 5, இரண்டு சுவர் தாண்டி என்றால் 2.4. அடுக்குமாடியில் 2.4 என்றால் ரவுட்டர் செட்டிங்ஸில் சேனலை (பட்டைக்குள் அலை ஓடும் தடம்) 1, 6, 11 இவற்றில் கூட்டம் குறைந்த ஒன்றில் வையுங்கள். 3, 4 என்று நடுவில் வைத்தால் இரு பக்கத்து இடைஞ்சலும் உங்களுக்கே. ரவுட்டரை டிவிக்குப் பின்னாலும் பரணிலும் ஒளித்து வைக்காதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் அறுந்தால், நகராத கம்ப்யூட்டருக்குக் கேபிளே போட்டுவிடுங்கள். கேட் 6, முழுச் செம்பு. அலுமினியத்தில் செம்பு பூசியதை வாங்காதீர்கள். 100 மீட்டர்வரை தாங்கும், வீட்டுக்கு 15, 20 மீட்டர் போதும். கரண்ட் ஒயர் போகும் பைப்பிலேயே இழுக்காதீர்கள். ரவுட்டரில் ஜிகாபிட் போர்ட் இருந்தும் செட்டிங்ஸில் இணைப்பு வேகம் 1000க்குப் பதில் 100 என்று காட்டினால், எட்டு ஒயரில் ஏதோ ஒன்று சரியாகப் பிடிக்கவில்லை. முனையை வெட்டி மறுபடி கிரிம்ப் செய்யச் (பிளக்கை அழுத்திப் பொருத்தச்) சொல்லுங்கள்.